முனிர்காவுக்குப் போய்ச் சொன்ன துட்டி

1

ஞாயிற்றுக்கிழமை மரகதம் அக்காவின் இரண்டாவது நினைவு நாள். ஜனக்புரி வீட்டில் கமலாவின் சமையல். வாழைக்காய்ப் பொரியலில் கடுகோடு சீரகமும் பொரிந்திருந்தது. கட்வால் மலையில் பிறந்தவள், எத்தனை வருஷம் தமிழ்ச் சமையல் செய்தாலும் சீரகத்தை விடமாட்டாள். அக்கா இருந்திருந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கியிருப்பார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது என் மகள் வித்யா கேட்டாள். "அம்மா, எல்லாத்தையும் எழுதறியே, அந்தக் கோர்ட் மேட்டரை மட்டும் ஏன் எழுதல?"

எழுதினால் அவள் படிக்கப்போவதில்லை. டில்லியில் பிறந்து டில்லியிலேயே வளர்ந்தவள். ஊருக்குப் போனால் பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஊரில் இருக்கிற நீங்கள் படிப்பீர்கள். நாங்கள் செய்த தப்பு என்ன என்பது இங்கே யாருக்கும் புரியவில்லை. உங்களுக்குப் பாதி படிக்கும்போதே புரிந்துவிடும்.

2

மரகதம் அக்கா தென்காசிக்காரர். சுருக்கெழுத்துப் பரீட்சை எழுதி, மத்திய அரசு வேலைக்கு டில்லி வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஃபைல் எங்கயோ நின்னுபோச்சு" என்பார். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை எங்கே வாங்குவது, பால்காரனிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எல்லாம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கமலா ஆஸ்பத்திரி நர்ஸ். அக்காவின் ஃப்ளாட்டில் ஓர் அறைக்கு வாடகைக்கு வந்தாள். ஒரு வருஷத்தில் வாடகை நின்றது, அடுப்பு ஒன்றானது. இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். கமலாவுக்கு ஊரில் யாரும் மிச்சமில்லை. அக்காவுக்கு ஒரு அண்ணன் உண்டு, சண்முகையா. தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு ஒரு ஃபோன், தீபாவளிக்கு ஒரு ஃபோன் என்று வருஷா வருஷம் பேச்சு இளைத்துக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். தூரத்தில் இருக்கிற எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான்.

அக்கா உயில் எழுதி வைத்திருந்தார். ஃப்ளாட் கமலாவுக்கு. அதை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. எழுதின அன்றே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெயா, நான் போயிட்டேன்னா இவளை யாரும் வெளிய போன்னு சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான் உன் பேரைப் போட்டிருக்கேன். நீ வாயாடி."

பாராட்டா திட்டா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார்.

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீக் கோப்பையைக் கீழே வைத்த அக்கா, கமலாவின் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

தகவல் சொல்லும் வேலையை வித்யா எடுத்துக்கொண்டாள். அக்காவின் புகைப்படம், கீழே ஒரு விளக்கு, ஆங்கிலத்தில் நாலு வரி. அக்காவின் ஃபோனில் இருந்த எல்லா எண்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டாள். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. தென்காசி எண்ணிலிருந்தும் ஒன்று வந்தது. அது சண்முகையாவின் மகனுடைய எண்.

"பாத்துட்டாங்கம்மா, ப்ளூ டிக் வந்தாச்சு" என்றாள் வித்யா.

ஐஸ் பெட்டி வரவழைத்து, அண்ணன் வருவார் என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம். வரவில்லை. ஒரு ஃபோன்கூட இல்லை. கூடப் பிறந்தவருக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்குக் கோபமான கோபம். கடைசியில் என் கணவரும் கமலாவும் முன்னால் நிற்க, மின்மயானத்தில் எல்லாம் முடிந்தது.

4

இனி கோர்ட்.

டில்லியில் இப்படிப்பட்ட உயிலுக்கு ப்ரொபேட் கட்டாயமில்லை என்று எங்கள் வக்கீல் வர்மா முதல் நாளே சொன்னார். ப்ரொபேட் என்றால், இந்த உயில் நிஜமானதுதான் என்று நீதிமன்றம் முத்திரை போட்டுக் கொடுப்பது. ஆனால் வீட்டைப் பெயர் மாற்றப் போன அலுவலகத்தில், கமலாவையும் உயிலையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி, "ரிஷ்தா க்யா ஹை?" என்றார். என்ன உறவு? கமலா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாத் ரஹ்தே தே" என்றாள். ஒன்றாக இருந்தோம். அந்தப் பதிலுக்கு அவருடைய கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை. ப்ரொபேட் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாவட்ட நீதிமன்றத்துக்கு நடக்க ஆரம்பித்தோம். முதலில் அக்காவின் பெயருக்கே அவஸ்தை. பென்ஷன் புத்தகத்தில் டி. மரகதம். இறப்புச் சான்றிதழில் மரகதம் தெய்வநாயகம். மின்சார பில்லில் மிஸ்டர் தெய்வநாயகம், அதாவது தென்காசியை விட்டு வெளியே போகாமல் எப்போதோ இறந்துபோன அவருடைய அப்பா. மூவரும் ஒருவரே என்று தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். தெய்வநாயகம் ஐயா டில்லி வெயிலில் கரண்ட் பில் கட்டினதை நினைத்து நானும் கமலாவும் வெளியே வந்து சிரித்தோம். அக்கா போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பதிவு அலுவலகத்தில் உயிலின் நகலைத் தேடி எடுத்தது, கோர்ட்டில் ஃபைல் காப்பவரான அல்மத்தின் மேஜைக்கு முன்னால் தவம் கிடந்தது, தாரீக் மேல் தாரீக்காக, நம் ஊர் வாய்தா போல, அலைந்தது என்று அது ஒரு பக்கம். எல்லாம் ஓரளவு ஒழுங்காகவே நடந்தது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த பக்கத்து வீட்டு டாக்டர் வந்து, ஆமாம், என் முன்னால்தான் எழுதினார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டப்படி நெருங்கிய உறவினருக்கு நோட்டீஸ் போக வேண்டும். தென்காசிக்குப் போனது. ஆட்சேபணை இல்லை என்று அண்ணன் ஒரு தாள் அனுப்பினால் போதும், விஷயம் முடிந்தது என்றார் வர்மா.

தாள் வரவில்லை. அவரே ரயிலேறி வந்துவிட்டார், ஆட்சேபணையோடு.

5

ஆட்சேபணை வந்துவிட்டால் அது முழு வழக்காக மாறிவிடும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வர்மா சொன்னபோது, கமலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்று மாலை ஜனக்புரி வீட்டுக்குப் போனேன். அவளுடைய இரும்புப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. நர்ஸ் வேலைக்கு முதல் முதலாக டில்லி வந்தபோது கொண்டுவந்த பெட்டி. துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யார் உன்னைப் போகச் சொன்னது?"

"சொல்வதற்கு முன்னால் தயாராக இருக்கலாம் என்று பார்க்கிறேன்" என்றாள் இந்தியில். "அவர் ரத்த சொந்தம். நான் யார்?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. சாவுக்கு வராதவர் வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டாரா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா சொன்னது சரிதான், வாயாடிதான் நான்.

விசாரணை நாளில் அவரை முதல் முதலாகப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மேலே யாரோ கொடுத்த ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. மூக்கும் நெற்றியும் அப்படியே அக்கா. முனிர்காவில் மெஸ் நடத்தும் ஊர்க்காரர் தங்கதுரைதான் அவருக்கு அறையும் கொடுத்து, ஒரு வக்கீலையும் பிடித்துக் கொடுத்திருந்தார். அந்த வக்கீல், உயில் சந்தேகத்துக்குரியது, வயதான பெண்மணியை வீட்டிலிருந்தவள் மயக்கி எழுதி வாங்கியிருக்கிறாள் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொழிந்து தள்ளினார். கமலா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

சண்முகையாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தன் வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து தமிழில் சத்தமாகச் சொன்னார்: "எனக்கு ஒருத்தரும் சொல்லலை!"

நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, உங்களுக்குத் தமிழ் தெரியுமே, என்ன சொல்கிறார் என்று கேட்டார். தகவல் தரப்படவில்லை என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அவர் ஃபைலைப் புரட்டினார். நோட்டீஸ் போயிருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாரே என்றார். ஆமாம் என்றேன். பேசித் தீர்க்க முடியுமா பாருங்கள் என்று அடுத்த தாரீக் கொடுத்தார்.

என் மொழிபெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னது அது இல்லை என்று சொல்லும்போதே எனக்கு உறுத்தியது.

6

வராந்தாவில் அவர் தனியாக நின்றார். அருகே போய், "அண்ணாச்சி, நான்தான் ஜெயா" என்றேன்.

"தெரியும். போன்ல அவ உங்களைப் பத்திச் சொல்லுவா."

"சொல்லலைன்னு சொன்னீங்களே. உங்க மகனுக்கு அன்னைக்கே மெசேஜ் வந்திருக்கு. பதிலும் போட்டிருக்கார்."

"வந்துச்சு. பய பாத்துட்டு எங்கிட்ட சொன்னான். தெரியாம இருக்குமா? தெரியும்." ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்தார். "தெரியுதது வேற, சொல்லுதது வேற தாயி. என் தங்கச்சி செத்திருக்கா. எனக்கு யாரு துட்டி சொன்னது? எங்க பக்கம் பகையாளி வீடா இருந்தாக்கூடத் துட்டி சொல்லாம இருக்க மாட்டோம். ஒரு ஆளு வாசல்ல வந்து நின்னு சொல்லணும். இல்லன்னா போன்ல ஒரு குரலாவது கேக்கணும். அன்னைக்குப் பூரா போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடலை. சொல்லாத துட்டிக்கு நான் எப்படி வருவேன்? கூப்பிடாத கல்யாணத்துக்குப் போற மாதிரில்லா ஆயிரும்?"

அவர் தூணில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்பறம் போஸ்ட்மேன் வாரான். கோர்ட்டுக் கடுதாசி குடுக்கான். கையெழுத்துப் போடச் சொல்லுதான். அதுதான் எனக்கு வந்த துட்டி."

பார்த்தீர்களா, நாங்கள் அவர் வருவாரென்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். அவர் நாங்கள் கூப்பிடுவோம் என்று ஃபோனுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். திருச்சிப் பக்கத்திலும் இதே வழக்கம்தான், சாவு சொல்ல ஆள் போகும். எனக்குத் தெரியாததா? ஆனால் இங்கே இப்போதெல்லாம் நல்லது கெட்டது எல்லாமே ஃபோன் திரையில் வந்து விழுந்து, கைகூப்பும் படத்தோடு முடிந்துவிடுகிறது. அனுப்பிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்றே நானும் நினைத்துவிட்டேன்.

வர்மாவிடம் சொன்னேன். "மேடம், ஏ சப் சோடியே. கித்னா சாஹியே, பூச் லீஜியே" என்றார். இதெல்லாம் இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமாம் என்று கேளுங்கள். வீட்டில் வித்யாவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. "அச்சா... அப்ப நான் பண்ணதுதான் தப்பா? சாரின்னு ஒரு மெசேஜ் போடட்டுமா?"

"இன்னொரு மெசேஜா!" என்றேன்.

7

கமலாவிடம் மட்டும் முழுக்க விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வராந்தாவில் காத்திருப்பவர்களிடம் போய், உங்கள் மனிதர் போய்விட்டார் என்று எத்தனையோ தடவை சொன்னவள். ஃபோனில் சொல்வதற்கும் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். முனிர்காவுக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். "சலோ" என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆட்டோவில் வழி நெடுக முறை சொல்லிக்கொடுத்தேன். வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே போகக் கூடாது, உட்காரக் கூடாது, தண்ணீர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, 'போய்வருகிறேன்' என்று சொல்லாமல் திரும்பிவிட வேண்டும். கமலா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான்தான் சொல்வதாக ஏற்பாடு.

முனிர்கா சந்துகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தலைக்கு மேல் வயர்கள் பின்னிக் கிடக்கும், ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடிகிற மாடிப்படி. மெஸ்ஸில் சாம்பார் கொதிக்கும் வாசனையைத் தாண்டி ஏறினோம். கதவு திறந்தே இருந்தது. சண்முகையா ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எதுக்கு வந்திய? பேசுததை வக்கீல் கிட்டப் பேசுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கமலா வாசற்படிக்கு வெளியே நின்று, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, அக்காவிடம் கற்ற தமிழில் சொன்னாள்: "அண்ணாச்சி. மரகதம் அக்கா இறந்துட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். எழுந்து நின்றார். உதடு கோணியது. அன்றைக்குத்தான் செய்தி வந்தது போல, "எப்பம்மா?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை. காலைல. டீ குடிச்சாங்க."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல. என் தோள்ல... இங்க." கமலா தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை.

"கடைசியா ஏதும் சொன்னாளா?"

கமலா இந்தியில் சொன்னதை நான் சொன்னேன். டீயில் இஞ்சி கம்மி என்றாராம்.

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார், வாய் விட்டு அழுதார். சிறு வயதில் அவள் அப்படித்தான், எதைக் குடித்தாலும் ஒரு குறை சொல்வாள் என்று அழுகைக்கு நடுவே சொன்னார். இத்தனை மாதமாக இதையெல்லாம் கேட்க அவருக்கு ஆள் இல்லை. ஃபோன் திரையில் வந்த படத்திடம் யார் போய்க் கஷ்டப்பட்டாளா என்று கேட்க முடியும்?

வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சொல்லாமல் இறங்கி வந்தோம்.

8

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கதுரையோடு அவர் ஜனக்புரி வந்தார். நானும் வித்யாவும் அங்கேதான் இருந்தோம். வித்யா பயத்தில் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினாள். எடுத்து உள்ளே வை என்றேன்.

அவர் நேராக அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு கமலாவின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். கமலாவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். தொடு என்று கண்ணைக் காட்டினேன். அவருடைய கைகளைத் தொட்டாள். தெற்கே இழவு வீட்டில் அப்படித்தான் துக்கம் கேட்பார்கள். வந்தவர் கை நீட்டுவார். வீட்டுக்காரர் தொடுவார்.

பத்து நிமிஷம் போல ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

"அம்மா, பை கூடச் சொல்லலையே!" என்றாள் வித்யா. "ஹி இஸ் ஸ்டில் ஆங்க்ரி. அவ்ளோதான், கேஸ் போச்சு."

கமலாவும் கலங்கித்தான் போனாள். "நாராஸ் ஹை க்யா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கோபமெல்லாம் இல்லை" என்றேன். "சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அது ஆகாது. நாம் முனிர்காவில் சொன்னோமா?"

சொன்னேனே தவிர, எனக்கும் நிச்சயம் இல்லை. துக்கம் வேறு, வீடு வேறு. அழுத கையோடு கேஸ் நடத்துகிறவர்களும் உண்டு. கமலாவின் பெட்டி இன்னும் கட்டிலுக்கு வெளியேதான் இருந்தது.

9

அடுத்த தாரீக்கில் அவருடைய வக்கீல் வாதத்தை ஆரம்பிக்க எழுந்தார். சண்முகையா அவருடைய கோட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கூட வந்திருந்த தங்கதுரையை இந்தியில் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசினார். என் தங்கை எழுதினது எழுதினதுதான். எனக்கு ஆட்சேபணை இல்லை. நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி, போன தடவை தகவல் வரவில்லை என்றீர்களே என்று கேட்டார்.

"இப்ப வந்துட்டும்மா" என்றார்.

அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். தன் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதினார். ப்ரொபேட் கைக்கு வர அதற்குப் பிறகும் சில மாதம் ஆனது, முத்திரைத் தாள், நகல் என்று அது பாட்டுக்கு நடந்தது. அதையெல்லாம் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்கவில்லை.

கோர்ட் கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. அவருக்கு அன்றைக்கே ஊருக்கு ரயில். கமலா ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டி வந்திருந்தாள். சீரகம் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டோ கிளம்பியது. பத்தடி போனதும் அவர் டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி, என்னைத் தாண்டிக் கமலாவைப் பார்த்துச் சொன்னார்.

"வாரேன் தாயி."

கமலா அழுதுகொண்டே, "வாங்க அண்ணாச்சி" என்றாள்.